பழைய வண்டிக்குப் பழைய கேஸ்கட் எதற்கு?

பழைய மோட்டார் வண்டிகளைப் புதுப்பிக்கும் அன்பர்களிடையே ஒரு விசித்திரமான பக்தி உண்டு. வண்டி எந்த ஆண்டுப் பிறவியோ அந்த ஆண்டுச் சாமான்தான் அதற்குள் இருக்க வேண்டும் என்பார்கள். விளக்குக் கண்ணாடிக்கும் கதவுக் கைப்பிடிக்கும் இது பொருந்தும், மறுக்கவில்லை. ஆனால் எஞ்சினுக்குள் போகும் கேஸ்கட் வரை அந்தப் பக்தியை நீட்டுவது அறிவுடைமையன்று என்பது என் கட்சி.

கொல்கத்தாவாசிகளாகிய நமக்கு அம்பாசடரை உதாரணமாகக் காட்டினால் எளிதில் விளங்கும். பக்கத்து உத்தர்பாராவில் பிறந்து, 2014-இல் உற்பத்தி நின்றுபோன வண்டி அது. அதன் பழைய 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினில் பிளாக்கும் ஹெட்டும் வார்ப்பிரும்பு. இரண்டுக்கும் நடுவே நசுங்கிக் கிடப்பது ஹெட் கேஸ்கட். சிலிண்டரில் எரியும் வாயு, சூடேறிய நீர், எண்ணெய் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று கலவாமல் காப்பது அதன் வேலை. அந்நாளில் இத்தகைய எஞ்சின்களுக்குச் செம்புத் தகடுகளுக்கிடையே கல்நாரை வைத்துக் கேஸ்கட் செய்தார்கள். வெப்பத்துக்கு அஞ்சாத பொருள். வேலையையும் செம்மையாகச் செய்தது. உறை பிரியாத அத்தகைய கேஸ்கட் ஒன்று எங்கேனும் அகப்பட்டால், புதையல் கண்டாற்போல் வாங்கி வருகிறார்கள் நம் அன்பர்கள்.

கல்நாரின் நுண்ணிழைகள் நுரையீரலில் தங்கிவிட்டால் பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாக எழும். பிரிட்டன் 1999-இல் வெள்ளைக் கல்நாரையும் தடை செய்தது. கேஸ்கட் தகடுகளுக்குள் மூடிக் கிடக்கும்வரை யாரையும் கடிப்பதில்லை. கழற்றும்போதுதான் வினை. பிளாக்கில் ஒட்டியதைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, காற்றுக் குழாயால் ஊதுகிறார்களே, அப்போது இழை பறக்கிறது. அதைச் சுவாசிப்பவர் யார்? வண்டிக்காரர் வீட்டில் தேநீர் அருந்திக்கொண்டிருப்பார். சுவாசிப்பவன் பட்டறையில் தொழில் பழகும் பையன். இன்று நாம் ஆசைப்பட்டுப் பொருத்தும் பழைய கேஸ்கட்டை, பத்தாண்டுக்குப் பின் வேறொரு பையன் சுரண்டுவான்.

ஏற்கெனவே உள்ளே இருப்பதை நன்றாக நனைத்து, தூசி எழாமல் எடுத்து, ஈரத்தோடே உறையிலிட்டுக் கட்ட வேண்டும். ஊதவே கூடாது. மூக்கில் கைக்குட்டை கட்டுவது காவலாகாது.

சரி, புதியதில் எதை வாங்குவது? இங்கே இன்னொரு சாரார் மறுகோடிக்கு ஓடுகிறார்கள். இன்றைய கார்களில் உள்ள பல அடுக்கு எஃகுத் தகடே உயர்ந்தது என்கிறார்கள். உயர்ந்ததுதான், ஆனால் அதற்கு ஏறத்தாழ 0.8 மைக்ரான் அளவுக்கு வழுவழுப்பான முகம் வேண்டும். நீர்த் துளைகளைச் சுற்றித் துருவால் குழி விழுந்த கிழப் பிளாக்கில் அது எங்கே கிடைக்கும்? முகத்தை இயந்திரத்தில் சீவிக்கொடுக்காத வரையில், கல்நார் கலவாத இழைப்பொருளும், சிலிண்டர் வாய்களில் உலோக வளையமும் கொண்ட சாதாரணக் கேஸ்கட்டே அம்பாசடருக்கு ஏற்றது. சிறு குறைகளை அது அனுசரித்துப் போகும்.

பம்பாயின் பழைய பியட் 1100-இன் கதை வேறு. அங்கே பிளாக் இரும்பு, ஹெட் அலுமினியம். அலுமினியம் இரும்பைப்போல் இரண்டு மடங்கு விரியும். 40 செ.மீ. நீளத்தில் 70 டிகிரி சூடேறினால் வித்தியாசம் சுமார் 0.3 மி.மீ. ஒவ்வொரு பயணத்திலும் கேஸ்கட்டைத் தேய்த்துக்கொண்டே இருக்கும் சங்கதி இது. அதற்கு விலை மலிவானதை வாங்குவது வீண் சிக்கனம்.

தடிப்பையும் பார்க்க வேண்டும். அம்பாசடர் சிலிண்டரின் விட்டம் 73 மி.மீ. கேஸ்கட் அரை மி.மீ. தடித்தால் ஒவ்வொரு சிலிண்டரிலும் 2 சி.சி. இடம் கூடும்; அழுத்த விகிதம் 8 என்றிருந்தால் 7.7 ஆகக் குறையும். வண்டி மந்தமாகிவிட்டதென்று கார்ப்புரேட்டரைத் திட்டிப் பயனில்லை. ஹெட்டைச் சீவியிருந்தாலோ சற்றுத் தடித்ததே நலம்.

எண்ணெய்த் தொட்டிக்கும் வால்வு மூடிக்கும் வரும் தக்கைக் கேஸ்கட் அலமாரியில் கிடந்தே சுருங்கும்; அங்கும் பழைய சரக்கு உதவாது. ரப்பர் கலந்த தக்கையாகக் கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் நீட்டும் ஹெட் கேஸ்கட்டின் உறையில் கல்நார் இல்லை என்ற வாசகம் காணப்படாவிட்டால், அடுத்த கடை நாலடி தூரத்தில்தான் இருக்கிறது.