ரெண்டு விரல்... மூணு நிமிஷம்!

உங்க ப்ளேலிஸ்ட்ல எத்தனை பாட்டு இருக்கு? ஐந்நூறா, ஆயிரமா? சரி, அதுல எத்தனை பாட்டோட கதை உங்களுக்குத் தெரியும்? அட, ஏன் முழிக்கிறீங்க!

இந்த வாரம் உங்க கலெக்‌ஷனுக்கு ஒரே ஒரு பாட்டு. 'ப்ளாக் சப்பாத்' குழுவின் 'பாரனாய்ட்'. வருஷம் 1970. ஹெவி மெட்டல்னாலே 'காது கிழிஞ்சிடும் பாஸ்'னு ஓடுற பார்ட்டியா நீங்க? பயப்படாதீங்க, மூணு நிமிஷம்கூட ஆகாது.

இங்கிலாந்தின் பர்மிங்ஹாம், ஃபேக்டரிகள் நிறைந்த ஊர். அங்கே ஒரு ஷீட் மெட்டல் ஃபேக்டரியில் வேலை பார்த்தார் டோனி அயோமி. மியூசிக்தான் வாழ்க்கைன்னு முடிவு பண்ணி, வேலைக்கு முழுக்குப் போட இருந்த கடைசி நாள். மெஷினில் வலது கை மாட்டி, ரெண்டு விரல்களின் நுனி போயே போச்சு! வயசு 17. அவர் இடது கைப் பழக்கக்காரர். கிடார் கம்பியை அழுத்த வேண்டியதே அந்த வலது கை விரல்கள்தான். டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள்.

சோர்ந்து கிடந்தவருக்கு ஃபேக்டரி மேனேஜர் ஒரு இசைத்தட்டைப் போட்டுக் காட்டினார். தீ விபத்தில் ரெண்டு விரல்கள் முடங்கிய பிறகும் கிடாரில் கலக்கிய ஜாங்கோ ரெய்ன்ஹார்ட்டின் இசை அது. அவ்வளவுதான்! பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்கு உறை செய்தார் அயோமி. அதன் மேல் தோலை ஒட்டினார். அழுத்தினால் வலிக்குதா? மெல்லிசான கம்பிகளுக்கு மாறினார். 1971-ல் வந்த 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' ஆல்பத்தில் கிடாரின் சுருதியையே இறக்கினார். கம்பி தளர்ந்தது, விரலுக்கு நிம்மதி. சத்தமோ கனமாக, இருட்டாக மாறியது. அப்புறம் வந்த எத்தனையோ மெட்டல் குழுக்கள் அதே ரூட்டைப் பிடித்தன.

இதுல தமாஷ் என்னன்னா, 'பாரனாய்ட்' இடத்தை நிரப்ப வந்த பாட்டு! ஆல்பத்தில் நேரம் குறையுதேன்னு அயோமி சட்டுனு ஒரு ரிஃப் வாசிக்க, பில் வார்ட் டிரம்ஸில் சேர்ந்துகொள்ள, கீஸர் பட்லர் வரிகள் எழுத, ஆஸி ஆஸ்பர்ன் பாட... மளமளன்னு முடிஞ்சுது. வரிகள் பேசுவது மனச்சோர்வைப் பற்றி. அந்தப் பாட்டு இங்கிலாந்து சிங்கிள்ஸ் பட்டியலில் 4-ம் இடம் பிடித்தது. ஆல்பத்துக்கும் அதுவே பெயரானது.

2025 ஜூலை 5. அதே பர்மிங்ஹாமின் வில்லா பார்க் மைதானத்தில் நால்வரும் கடைசியாகச் சேர்ந்து மேடையேறினார்கள். நிறைவாக வாசித்ததும் இதே பாட்டுதான். ஜூலை 22-ல் ஆஸி மறைந்தார்.

இன்னிக்கு ராத்திரி ஹெட்ஃபோனை மாட்டி, 'பாரனாய்ட்' கேளுங்க. முதல் தடவை கிடாரை மட்டும் கவனிங்க. உறை போட்ட அந்த ரெண்டு விரலும் எவ்வளவு வேகமா ஓடுதுன்னு தெரியும். அடுத்து, 1971-ல் வந்த 'சில்ட்ரன் ஆஃப் த கிரேவ்' போடுங்க. சுருதி இறங்கியது உங்க காதுக்கே புரியும்.

ஹெட்ஃபோனைக் கழற்றிட்டு ஃபுல் வால்யூம்ல வெச்சு ரூம்மேட்கிட்ட திட்டு வாங்கினா... நான் பொறுப்பில்லை!