இரும்புத் திட்டு வேறு, பவளத்திட்டு வேறு

மூர்த்திக்குப்பத்திலிருந்து என் பழைய மாணவர் ஒருவர் கேட்டார்: "நம்ம பாண்டிச்சேரி பீச்சுலயே ரீஃப் போட்டுட்டாங்களே சார், மன்னார் வளைகுடாவுக்கு ஏன் இவ்வளவு கவலைப்படுறீங்க?" பலருக்கும் இந்தக் குழப்பம் இருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலில் இறக்கியது இரும்பால் செய்த தடுப்பு. துறைமுகத்துக்காகக் கட்டிய அலைத்தடுப்புச் சுவர் மணலின் ஓட்டத்தை மறித்ததால் நகரத்துக் கடற்கரை காணாமல் போனது. அந்த மணலை மீட்கத்தான் இந்த ஏற்பாடு. மணல் வந்தது, மகிழ்ச்சி.

பவளத்திட்டோ உயிருள்ளது. பாலிப் என்னும் சின்னஞ்சிறு பிராணி சுண்ணாம்பில் கூடு கட்டுகிறது. அதன் உடம்புக்குள் நுண்பாசி குடியிருந்து, வெயிலைக் கொண்டு உணவு தயாரித்துக் கொடுக்கிறது. வாடகைக்குப் பதிலாக வீட்டுக்காரருக்குச் சமைத்துப் போடும் குடித்தனக்காரர் என்று வகுப்பில் சொல்வேன், பிள்ளைகள் சிரிப்பார்கள். தண்ணீர் கலங்கினால் வெயில் இறங்காது. பெண்ணையாறும் சங்கராபரணியும் வண்டல் கொட்டும் நம் கரையில் மன்னார் வளைகுடா போன்ற பெரிய திட்டுகள் இல்லாததற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

அங்கே தூத்துக்குடி முதல் ராமேசுவரம் வரை 21 தீவுகள். 1986-இல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். ஆனாலும் சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பவளப்பாறையை வெட்டி ஏற்றியது பல ஆண்டுகள் ஓயவில்லை. விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் இன்று நீருக்கடியில். 2001-இல்தான் பவளத்தை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள்.

வெட்டுவதை நிறுத்தலாம். வெப்பத்தை எந்த வனக்காவலர் நிறுத்துவார்? கடல் நீர் ஓரிரு டிகிரி கூடிச் சில வாரங்கள் நீடித்தாலே பாலிப் தன் பாசியை வெளியேற்றி வெளுத்துவிடும், அப்புறம் பட்டினி. மன்னாரில் 2010-லும் 2016-லும் பெருமளவு இப்படி நடந்தது. 2024 ஏப்ரலில் உலக அளவில் நான்காவது வெளுப்பு அறிவிக்கப்பட்டது.

எனக்கு அதிக வருத்தம் தருவது கப்பாஃபைகஸ் பாசி விஷயம். பிலிப்பைன்ஸ் பக்கத்துப் பாசி. வளர்ப்பதற்காக இங்கே கொண்டுவந்தார்கள். 2008-இல் குருசடைத் தீவுப் பவளத்தின் மேல் படர்ந்து மூடியிருந்தது தெரிந்தது. கடலோரப் பெண்களுக்கு இது கைக்காசு தரும் தொழில், அதைப் பறிக்கச் சொல்லவில்லை. பவளத்திட்டுக்கு அருகில் வெளிநாட்டுப் பாசி வேண்டாம், காலங்காலமாக அங்கே பெண்கள் மூழ்கி எடுக்கும் நம் மரிக்கொழுந்துப் பாசிக்கு அரசு கைகொடுக்கட்டும் என்கிறேன். விலை வித்தியாசத்தை மானியமாகக் கொடுத்தால் போதுமே. கடலில் கான்கிரீட் இறக்கக் காசு இருக்கிறதல்லவா? வான் தீவைச் சுற்றி இறக்கிய கான்கிரீட் பலன் தந்தது, மறுக்கவில்லை. ஆனால் அதன் மேல் ஒட்டி வளரும் பவளத்தையும் அதே வெப்பம்தான் வெளுக்க வைக்கும்.

பாகூர், வில்லியனூர் பள்ளிகளிலிருந்து ராமேசுவரத்துக்குச் சுற்றுலா போகும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். யாராவது பவளத் துண்டை விலைக்கு நீட்டினால் பிள்ளைகளை வாங்க விடாதீர்கள். வாங்குவதும் சட்டப்படி குற்றம் என்று பேருந்தில் ஏறும் முன்பே சொல்லிவிடுங்கள்.