உருபை மீட்ட துருக்கியர்

வந்தேறிய சொல்லை என்றேனும் வெளியேற்றிவிடலாம். வந்தேறிய இலக்கணமோ மொழியின் என்பையே அரித்துவிடும். துருக்கியர் இதனைக் காலந்தாழ்ந்தே உணர்ந்தனர்.

துருக்கியம் ஒட்டுநிலை மொழி. 'தில்' என்பது நாவையும் மொழியையும் குறிக்கும் பெயர். 'திலிம்' என் மொழி. 'திலிமிசு' எம் மொழி. 'திலிமிசுதெ' எம் மொழியில். பன்மையீறு முதலிலும், உடையவரைக் காட்டும் ஈறு அடுத்தும், வேற்றுமையுருபு இறுதியிலுமாக நிரல்பட நிற்கும்: தில்-லெர்-இமிசு-தெ, எம் மொழிகளில். தமிழ் 'எம்' என்பதைப் பெயர்க்கு முன் வைக்கும். துருக்கியம் பின்னே ஒட்டும். உடைமைத் தொடரிலோ இரு பெயரும் ஈறு பெறும். 'எவின் கபிசி' என்பது, சொல்லுக்குச் சொல் பிரித்தால், 'வீட்டின் அதன்கதவு'. 'எவின்' என்பதிலுள்ள 'இன்' தமிழ்ச் சாரியைபோல் ஒலிப்பது கண்டு உறவு கொண்டாட வேண்டா. ஓர் ஈற்றின் ஒலியொப்புமை இனவுறவுக்குச் சான்றாகாது.

இத்துணைக் கட்டுக்கோப்பான மொழியைத்தான் உதுமானிய அரசவைப் புலவரும் எழுத்தரும் குலைத்தனர். அரபு, பாரசீகச் சொற்களைக் கொண்டதோடு அமையாது, பாரசீகத் தொடரமைப்பையும் கொண்டனர். உதுமானிய மொழி என்பதற்கு 'லிசானி உசுமானி' என்றெழுதினர். மொழி முன்னே, அடை பின்னே, இடையில் பாரசீக இகரம்! துருக்கிய முறைப்படி அடையே முன்வரல் வேண்டும். நூலைக் குறிக்கும் 'கிதாப்' என்னும் அரபுச் சொற்குப் பன்மையும் அரபு முறையிலேயே 'குதுப்' என்றாயிற்று. உழவர் வாயில் வழங்காத இந்நடை, கற்றோரையும் மற்றோரையும் பிரித்து வைத்தது.

1911-இல் செலானிக்கு நகரிலிருந்து வந்த 'இளந்தூவல்கள்' என்னும் இதழில், ஓமர் செய்பெத்தின் 'யெனி லிசான்' (புதிய மொழி) என்னும் கட்டுரை வரைந்து, அயல் தொடரமைப்பையும் அயற்பன்மையையும் களைக என்றார். மக்கள் வாயிற் கலந்துவிட்ட அயற்சொற்களை மட்டும் விட்டுவைத்தார். அத்தலைப்பிலேயே 'லிசான்' என்னும் அரபுச் சொல்! தூய்மை வேட்பார்க்கு இது குறையே. எனினும், முதலில் காக்கவேண்டியது எது என்பதில் அவர் பிழைக்கவில்லை.

1928-இல் எழுத்து மாறிற்று. 1932-இல் மொழிக் கழகம் தோன்றிற்று. அதுவும் 'தெத்கிக்', 'செமியெத்து' என்னும் அரபுச் சொற்களைத் தன் பெயரிலேயே சுமந்து தோன்றி, 1936-இல் 'துருக்கு தில் குருமு' ஆயிற்று. அரபு, பாரசீகச் சொற்கள் ஆயிரக்கணக்கில் வழக்கிழந்தன. 'கிதாப்' இன்றும் நீங்கவில்லை. ஆயின் 'குதுப்' ஒழிந்து, 'கிதாப்லர்' வந்துவிட்டது. 'எம் நூல்களில்' என்பதற்குக் 'கிதாப்லரிமிசுத' என்கின்றனர். 'தில்' என்பதற்கு 'லெர்', 'கிதாப்' என்பதற்கு 'லர்'. பெயரின் உயிரொலிக்கேற்ப ஈற்றின் உயிரும் திரிவது துருக்கிய மரபு. தங்கிவிட்ட அரபுச் சொல்லும் அம்மரபுக்குட்பட்டே நிற்கிறது.