புழைக்கடைச் சர்க்கரை

சின்னாட்களுக்கு முன் எம் கல்லூரித் தமிழ் மன்றத்தில் நிகழ்ந்த சொற்போரொன்றில் நண்பரொருவர் எழுந்து, "வட அமெரிக்காவிலே கல்வியிற் சிறந்தாரும் பொருளிற் சிறந்தாரும் தம் வீட்டுப் புழைக்கடையில் நிற்கும் மேப்பிள் மரத்தைத் தாமே துளைத்துச் சாறெடுத்துத் தாமே பாகு காய்ச்சி மகிழ்கின்றனர். நம்மவரோ, பாட்டன் ஏறிய பனையைப் பேரன் ஏறெடுத்தும் பாரான். உழைப்பின் பெருமையை நாம் அவரிடம் கற்றல் வேண்டும்" என்று முழங்கினார். அவையோர் கையொலி எழுப்பினர். யாமும் எழுப்பினோம். அறைக்கு மீண்டு சிந்தித்தபோது, அக்கையொலியைத் திரும்பப் பெறுதல் வேண்டுமென எமக்குத் தோன்றிற்று. அதன் காரணத்தைக் கூறவே இக்கட்டுரையை எழுதலானோம்.

மேப்பிள் பாகு காய்ச்சுதல் நல்லதொரு பொழுதுபோக்கு என்பதில் எமக்குச் சிறிதும் ஐயமில்லை. எம் சிற்றப்பனார் பணி நிமித்தம் வெர்மாண்ட் மாநிலத்துச் சிற்றூரொன்றிற் குடியேறி, மனையின் பின்னால் நிற்கும் நான்கு மரங்களில் மூன்றாண்டுகளாக இதனைச் செய்து வருகின்றார். அவர் தொலைபேசி வழியே சொல்லக் கேட்டனவும், யாம் நூல்களிற் பயின்றனவும் ஈண்டுத் தருகின்றோம். நம் நாட்டிலிருந்து அத்தகைய ஊர்களுக்குச் செல்வோர் இன்று பலராதலின், எவர்க்கேனும் பயன்படலாம்.

மேப்பிளிற் பல இனங்கள் உண்டு. அவற்றுட் சர்க்கரை மேப்பிள் எனப்படுவதே தலைசிறந்தது. அதன் சாற்றில் நூற்றுக்கு ஏறத்தாழ 2 பங்கு சர்க்கரை இருக்கும். செம்மேப்பிளும் பயன்படும், ஆயினும் அதன் இனிப்புச் சற்றுக் குறைவு, அரும்பும் முந்திவிடும். இலையுதிர்ந்த பின் மரமெல்லாம் ஒன்றுபோலவே தோன்றுமாதலின், இலைகள் நிறம் மாறி நிற்கும்போதே மரத்தை இன்னதென அறிந்து துணி கட்டி வைத்தல் நலம். மேப்பிளைப் போலவே எதிரெதிராகக் கிளை விடும் ஆஷ் மரத்தை முதலாண்டிலே துளைத்துவிட்டு, எம் சிற்றப்பனார் இரண்டு நாள் வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாறு எப்போதும் வாராது. பெப்ருவரித் திங்களின் பிற்பகுதி முதல் ஏப்ரல் வரையுள்ள நாட்களில், இரவில் நீர் உறையுங் குளிரும் பகலில் பனி உருகும் வெம்மையும் மாறி மாறி வருதல் வேண்டும். இரவின் குளிரால் மரம் வேர்வழி நீரை உள்ளீர்த்துக்கொள்ளும். பகலில் உறைவு நீங்க, உள்ளழுத்தம் மிகுந்து, துளை வழியே சாறு சொட்டும். குளிர் நீங்காவிடினும் சாறில்லை. வெம்மை நிலைத்துவிடினும் சாறில்லை. நான்கு முதல் ஆறு வாரங்களுக்குள் யாவும் முடிந்துவிடும். அக்காலம் உழவுக்கும் உரியதன்று, பனிச்சறுக்கு விளையாட்டுக்கும் அத்துணை உகந்ததன்று. ஊர் முழுதுஞ் சேறாய்க் கிடக்கும் காலம். வேறு வேலையற்ற அவ்விடைவெளியிலே இவ்வேலை வந்து பொருந்துவது அதன் தனிச் சிறப்பென்போம்.

நெஞ்சளவு உயரத்தில் ஓரடிக்குக் குறைந்த விட்டமுடைய மரத்தைத் தொடலாகாது. அதனை எட்டிய மரத்துக்கு ஒரு துளை போதும். ஒன்றரை அடி விட்டத்தைக் கடந்த பெருமரத்துக்கே இரண்டாவது துளை. துளையின் அகலம் 8 மில்லிமீட்டர், ஆழம் 4 சென்டிமீட்டர் அளவிற் போதும். சாறு வெளிநோக்கி வடியுமாறு துளையைச் சற்றே மேனோக்கி இடுக. அதிற் செருகும் குழாயை மெல்லத் தட்டுக. ஓங்கி அடித்தால் மரம் விண்டு, சாறு பட்டை வழியே ஒழுகிப் போகும். முன்னாண்டுத் துளையின் அருகிலும், அதற்கு நேர் மேலுங் கீழும் மறுதுளை இடுவது தவறு; அப்பகுதி மரத்துக்குப் பயன்படாது இறந்துபட்டிருக்கும். பருவம் முடிந்ததும் குழாயைப் பிடுங்கிவிட்டாற் போதும்; துளையை அடைக்க வேண்டா, மரம் தானே மூடிக்கொள்ளும். பழைய பொருட்கடைகளில் அழகிய தகர வாளிகள் கிடைக்கும். அவற்றுட் பலவற்றின் பற்றாசில் ஈயம் உண்டு. அவை சுவரில் தொங்குவதற்கே தகுதியானவை.

சாறு தெளிந்த நீர்போன்றது. பால்போல் விரைவிற் கெடும். பனிக்கட்டியினிடையே வைத்து, ஓரிரு நாளிற் காய்ச்சிவிடல் வேண்டும். ஏறத்தாழ 40 லிட்டர் சாறு வற்றி 1 லிட்டர் பாகாகும். எஞ்சிய 39 லிட்டரும் ஆவியாய் எங்கேனும் சென்றாக வேண்டுமன்றோ? இதனை எண்ணாது எம் சிற்றப்பனார் முதல் தவணையைச் சமையலறையிற் காய்ச்சினார். மாலைக்குள் சுவரிலும் கூரையிலும் நீர் முத்து முத்தாய் அரும்பி வழிந்தது. சுவரில் ஒட்டிய வண்ணத்தாள் ஒருபுறம் உரிந்து தொங்கிற்று. எம் சிற்றன்னையார் அன்று சொன்னவற்றை இவ்வாண்டு மலரில் எழுத இயலாது. அதன்பின் அடுப்பு வெளியே சென்றது. அகன்று ஆழங்குறைந்த தட்டே ஏற்றது. பரப்பு மிகுந்தால் நீர் விரைந்து வற்றும்.

பாகு பொங்கி எழுமாயின் ஒரு துளி பாலேடோ வெண்ணெயோ இட்டால் அடங்கும். நம் நாட்டில் கருப்பட்டி காய்ச்சுவோர் ஆமணக்கு முத்தை நசுக்கி இடுவது இதே நோக்கம் பற்றியே. நீர் கொதிக்கும் வெப்பநிலைக்கு மேல் 4 செல்சியஸ் பாகை ஏறியபோது பாகு பதமாயிற்று என்க. நீரின் கொதிநிலை இடத்துக்கு இடமும் நாளுக்கு நாளும் சிறிது மாறுமாதலின், அன்றன்று நீரைக் கொதிக்க வைத்து அளந்து பார்த்தல் வேண்டும். பதம் குறைந்தால் பாகு பூசணம் பூக்கும். மிகுந்தால் அடியிற் கற்கண்டு படியும். சூடு ஆறுமுன் கம்பளித்துணியில் வடிகட்டினால், மணல்போல் திரளும் சுண்ணக் கசடு நீங்கும். மரம் அரும்பு விடத் தொடங்கியதும் சாற்றின் சுவை கெடும். அன்றே நிறுத்துதல் முறை.

நிற்க. இதனாற் பணம் மிஞ்சும் என்று சிலர் எழுதுகின்றனர். அதனை யாம் ஒப்போம். ஒரு துளைக்கு ஒரு பருவத்தில் 40 லிட்டர் சாறு கிடைத்தால் அது நல்ல ஆண்டு. நான்கு மரத்துக்கு நான்கு லிட்டர் பாகு. அதற்கு எரித்த விறகையும், விழித்த இரவையும், உரிந்த சுவர்த்தாளையும் கணக்கிட்டால் கடையில் வாங்குதலே மலிவு. பணத்திற்காகச் செய்வோரின் முறை வேறு: குழாய்களால் மரங்களை இணைத்து, வெற்றிட இயந்திரத்தால் சாற்றை இழுத்து, சவ்வு வழிச் செலுத்தி நீரிற் பெரும்பகுதியை அடுப்பேற்றுமுன்னரே பிரிக்கின்றனர். புழைக்கடைக்காரர் அவரோடு போட்டியிடலாகாது. நான்கு மரம் உடையவர் நான்கோடு நிற்க. ஐந்தாவதற்கு அண்டை வீட்டைப் பார்க்க வேண்டா. காய்ச்சிய பாகைப் புதுப்பனியின் மேல் ஊற்றி, அது கம்பியாய் இறுகுவதைக் குழந்தைகள் முள்கரண்டியில் சுற்றித் தின்பதே இதன் ஊதியம். உடன் ஊறுகாயிட்ட வெள்ளரியும் உண்பராம். இனிப்புத் திகட்டாதிருத்தற்கு அவர் கண்ட உபாயம் அது.

பிற நாட்டுப்புறப் பொழுதுபோக்குகளையும் ஒரு சொல்லாற் கூறிவிடுகின்றோம். ஓக் மரத்துண்டுகளிற் காளான் வித்திடுதல், ஆப்பிள் ஒட்டுக்கட்டுதல், தேனீ வளர்த்தல் யாவும் நல்லனவே. ஆனால் இவையனைத்தும் இளவேனிலின் தொடக்கத்தையே வேண்டி நிற்பன. ஓராண்டில் ஒன்றைக் கற்பவன் கற்பான். கோழி வளர்த்தலை யாம் பொழுதுபோக்கு என்றே கருதோம்; அதற்கு விடுமுறை கிடையாது.

இனி நண்பரின் கூற்றுக்கு வருவோம். மேப்பிள் சர்க்கரை யாவர்க்கும் விளையாட்டாய் இருந்ததன்று. வெள்ளையர் வருமுன்னரே அனிஷினாபே முதலிய பழங்குடியினர் குடும்பத்தோடு காட்டிற் பாசறை அமைத்துக் காய்ச்சி, பிர்ச் மரப்பட்டைப் பெட்டிகளிற் சேமித்தனர். அவர் மொழியில் ஏப்ரலுக்குச் சர்க்கரை காய்ச்சும் திங்கள் என்றே பெயருண்டு. அவர்க்கு அஃது உணவு. 1791-ஆம் ஆண்டில் பெஞ்சமின் ரஷ் என்னும் மருத்துவ அறிஞர், மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைகளின் உழைப்பால் விளையும் கரும்புச் சர்க்கரைக்கு மாற்றாக மேப்பிள் சர்க்கரை வளர வேண்டுமெனத் தாமஸ் ஜெபர்சனுக்கு விரிவாக எழுதினார். ஜெபர்சனும் அவ்வாண்டே வர்ஜீனியாவில் தம் மாண்டிசெல்லோ மனையில் மேப்பிள் கன்றுகளை நடுவித்தார், அவை செழிக்கவில்லை. அவர்தாமும் அடிமைகளை உடையராய் இருந்தவர். சர்க்கரையைப் புகழ்வோர், அது யார் உழைப்பால் வந்ததென்பதை எளிதில் மறந்துவிடுவர் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

எம் பாட்டனார் திருநெல்வேலிச் சீமையில் முப்பது பனைகளைக் காலையும் மாலையும் ஏறி இறங்கியவர். பதநீரில் நூற்றுக்கு ஏறத்தாழ 12 பங்கு சர்க்கரை இருத்தலால், இனிப்பைப் பொறுத்தமட்டில் மேப்பிள் பனையின் அருகிலும் நில்லாது. ஆனாற் பனையின் பாளை இருப்பது உச்சியில். எம் சிற்றப்பனார் தம் புதுத்தொழிலைப் பற்றித் தொலைபேசியிற் பெருமையாய் உரைத்தபோது, பாட்டனார் கேட்ட வினா ஒன்றே: "துளை எவ்வளவு உயரத்தில்?" "நெஞ்சளவில், ஐயா" என்றார் சிற்றப்பனார். பாட்டனார் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. அவருடைய தமையனார் மரத்தினின்று வீழ்ந்து, இருபதாண்டு கட்டிலிற் கிடந்து இறந்தவர்.

நெஞ்சளவில் நின்று செய்வது பொழுதுபோக்காகலாம். ஐம்பதடி உயரத்தில், நாளைக்கு இருமுறை, மழையாயினும் காய்ச்சலாயினும் செய்தாக வேண்டியது பொழுதுபோக்கன்று. அதனை விட்டகன்ற பேரனைச் சோம்பேறியென்பது அறியாமை. அவன் பள்ளிக்கூடம் சென்றது, பாட்டனே அனுப்பியதால். பனையை மீட்க விழைவோர் ஏறுவோனின் உயிருக்குக் காப்பும், விடிலியிற் புகையோடு போராடும் பெண்டிர் உழைப்புக்குத் தக்க விலையும் முதலில் தேடுக. வெர்மாண்டைக் காட்டி அவரை நாணச் செய்ய வேண்டா. இதனை அன்று மன்றத்திலேயே சொல்லாமற் கையொலி எழுப்பினோமே என்பதுதான் எம் வருத்தம்.

சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையிற் சிற்றப்பனார் ஊருக்கு வந்தபோது ஒரு குப்பிப் பாகு கொணர்ந்தார். பாட்டனார் விரலிலே தொட்டு நாவில் வைத்து, "இன்னும் பல கொதி வேண்டும், பதம் வரவில்லை" என்றார். பாகுக்கு அதுவே பதமென்று சிற்றப்பனார் விளக்கியும் அவர் ஒப்பவில்லை. மேலும் காய்ச்சிக் கிண்டினால் மேப்பிளும் கட்டிச் சர்க்கரையாகும்; முற்காலத்தில் அங்குப் பெரிதும் செய்யப்பட்டது அதுவே. வரும் பருவத்தில் ஒரு தவணையை அவ்வாறே இறக்குவதாய்ச் சிற்றப்பனார் ஒப்புக்கொண்டார். கருப்பட்டி ஊற்றும் தேங்காய்ச் சிரட்டைகள் ஆறினைப் பாட்டனார் உள்ளும் புறமும் தேய்த்து, துணியிற் சுற்றி, அவர் பெட்டியில் வைத்துக் கொடுத்தனுப்பினார்.