மவுஸில் வரைந்தால் ஓவியம் இல்லையா?

நான் கம்ப்யூட்டரில் வரைந்த அன்னங்களைப் பார்த்துட்டு, "இதெல்லாம் ஓவியமாடா?"ன்னு கேட்டான் என் நண்பன். அயர்லாந்துப் புராணத்தில் லிர் என்பவரின் நாலு பிள்ளைகளை மாற்றாந்தாய் அன்னங்களாக்கி விடுகிறாள். 900 வருஷம் தண்ணீரிலேயே கிடக்கிறார்கள். மனிதக் குரல் மட்டும் போகவில்லை. அதைத்தான் வரைந்தேன்.

தூரிகை என்ன, மவுஸ் என்ன? அயர்லாந்தின் கில்கென்னி ஊரில் 'கார்ட்டூன் சலூன்' என்று ஒரு ஸ்டூடியோ. கடலில் சீலாகவும் கரையில் மனுஷியாகவும் வாழும் செல்கி கதையை 2014-ல் 'சாங் ஆஃப் த சீ' படமாக்கினாங்க. அதில் வாட்டர்கலரும் இருக்கு, கம்ப்யூட்டரும் இருக்கு. ஆஸ்கர் பரிந்துரை வரை போச்சு!

ஆனா ஒரு விஷயத்தில் நான் நண்பன் கட்சி. கூ ஹுலின் என்ற வீரனை கம்ப்யூட்டரில் வரைகிற பலர், சினிமா ஹீரோ மாதிரி புஜமும் ஈட்டியும் மின்னலும் போட்டுத் தள்ளுறாங்க. கதையைப் படிச்சாங்களா? சின்னப் பையனா இருக்கும்போது, மேலே பாய்ந்த காவல் நாயை ஹர்லிங் மட்டையும் பந்தும் வைத்தே கொன்றவன் அவன். நாய்க்காரர் குலன் கலங்கியதும், வேறு குட்டி வளரும்வரை நானே காவல் இருக்கேன்னு ஒத்துக்கிட்டான். அவன் பேருக்கு அர்த்தமே 'குலனின் வேட்டைநாய்'தான். ராத்திரியில் வாசலில் தனியா உட்கார்ந்திருக்கும் அந்தப் பையனை நான் ஒரு படத்திலும் பார்த்ததில்லை.

இப்ப அதைத்தான் வரையறேன். மட்டை மட்டும் சரியா வரலை, ஏழு தடவை அழிச்சாச்சு.