உலைக்களத்தில் ஓர் உபநிடதம்

கும்மிடிப்பூண்டி உருக்காலைகளுக்கு லாரி லாரியாகப் பழைய இரும்பு வருகிறது. நேற்று கதவாகவும் சைக்கிளாகவும் இருந்தது, 1,500 டிகிரி செல்சியஸைத் தாண்டிய வெப்பத்தில் உருகி, கட்டடக் கம்பியாகிறது. பெயரும் வடிவமும் போயின, இரும்பு போகவில்லை. சாந்தோக்கிய உபநிடதத்தின் 6-ஆம் அத்தியாயத்தில் உத்தாலகர் தம் மகன் சுவேதகேதுவுக்கு மண், பொன், இரும்பு ஆகியவற்றைக் கொண்டு விளக்குவதும் இதையே. மாறாத ஒன்று அடியில் இருப்பதால்தான் மாற்றமே புலப்படுகிறது என்பது ஆதிசங்கரரின் அத்வைதம்.

இரும்பும் துருப்பிடிக்குமே என்று கேட்கலாம். இரும்பு உவமைதான், பொருளன்று. எல்லாமே கணந்தோறும் மாறும் ஓட்டம் என்பது பௌத்தர் வாதம். ஆனால், அன்றைய கதவே இன்றைய கம்பி என்று சொல்ல, இரண்டையும் கண்ட ஒரே அறிவு நிலைத்திருக்க வேண்டும். அந்த அறிவையே அத்வைதம் ஆன்மா என்கிறது. 1017-இல் ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த ராமானுஜரின் மறுப்பு இன்னும் கூர்மையானது: உலகமும் அதன் மாற்றமும் மெய்யே என்றார் அவர். அத்வைதம் சொல்வதுபோல் உலகைப் பொய்யென்றால் உழைப்பவரின் துன்பமும் பொய்யாகிவிடாதா? ஆகாது. உலகியல் நிலையில் வலி வலிதான் என்பதைச் சங்கரரும் மறுக்கவில்லை. ஞானம் வரும்வரை அறமும் கடமையும் செல்லும் என்றே சொன்னார். ஆகவே, உலையருகே நிற்பவருக்குக் கையுறையும் முகக்கவசமும் தராமல், உடல் நிலையற்றது என்று உபதேசிப்பது வேதாந்தம் அல்ல, தட்டிக்கழிப்பு.