பித்தப்பை சத்திரசிகிச்சை: தவறைவிட ஆபத்தானது தாமதம்

1953ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 12ஆம் திகதி, அப்போது பிரித்தானியாவின் வெளிவிவகார அமைச்சராக இருந்த அன்ரனி ஈடனுக்கு லண்டனில் பித்தப்பை அகற்றும் சத்திரசிகிச்சை நடைபெற்றது. அது வழமையான சிகிச்சையாகவே கருதப்பட்டது. ஆனால் சத்திரசிகிச்சையின்போது, ஈரலில் இருந்து சிறுகுடலுக்குப் பித்தநீரைக் கொண்டுசெல்லும் பித்தக்குழாய் சேதமடைந்தது. அதே மாத இறுதியில் லண்டனிலேயே இரண்டாவது சத்திரசிகிச்சை செய்யப்பட்டது. அதுவும் பிரச்சினையைத் தீர்க்கவில்லை. ஜூன் மாதத்தில் அவர் அமெரிக்காவின் பொஸ்டன் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அங்கு பித்தக்குழாய் சீரமைப்பில் பெயர்பெற்ற றிச்சர்ட் கற்றெல் மூன்றாவது சத்திரசிகிச்சையைச் செய்தார்.

1955இல் ஈடன் பிரதமரானார். 1956 ஒக்டோபரில், சுயஸ் நெருக்கடி உச்சத்தை நெருங்கிக்கொண்டிருந்த வேளையில், பித்தக்குழாயில் ஏற்பட்ட தொற்றினால் அவருக்கு 41 பாகை செல்சியஸ் வரை காய்ச்சல் ஏறியது. 1957 ஜனவரியில் உடல்நலத்தைக் காரணம் காட்டிப் பதவி விலகினார். அந்த நோயும் அதற்காக உட்கொண்ட மருந்துகளும் சுயஸ் விடயத்தில் அவருடைய முடிவுகளை எவ்வளவு பாதித்தன என்பது இன்றும் விவாதிக்கப்படுகின்றது. விரலளவு தடிப்புக்கூட இல்லாத ஒரு குழாயில் ஏற்பட்ட காயம், ஒருவரின் வாழ்க்கை முழுவதையும் எப்படித் துரத்தும் என்பதற்கு இதைவிட அறியப்பட்ட உதாரணம் இல்லை.

ஈடனுக்கு வயிற்றைத் திறந்தே சத்திரசிகிச்சை செய்யப்பட்டது. 1985இல் ஜேர்மனியில் எரிக் மூஹே என்ற வைத்தியர் சிறு துளைகளின் ஊடாகப் பித்தப்பையை முதன்முதலில் அகற்றினார். சில ஆண்டுகளுக்குள் அதுவே உலகெங்கும் வழமையான முறையாயிற்று. இதில் வலி குறைவு, தழும்பு சிறிது, நோயாளி ஓரிரு நாட்களில் வீடு திரும்பலாம். ஆனால் இந்த முறை பரவியபோது பித்தக்குழாய்க் காயங்களும் அதிகரித்தன. அமெரிக்காவில் 1992 முதல் 1999 வரை முதியோருக்கான அரச காப்புறுதியின் கீழ் நடைபெற்ற சுமார் 15 இலட்சத்து 70 ஆயிரம் பித்தப்பை சத்திரசிகிச்சைகளில் 7,911 காயங்கள் பதிவாகின. அதாவது 200 பேருக்கு ஒருவர். வீதம் சிறியதுதான். ஆனால் உலகில் மிக அதிகமாகச் செய்யப்படும் சத்திரசிகிச்சைகளில் இதுவும் ஒன்று என்பதால் பாதிக்கப்படுவோர் தொகை சிறியதல்ல.

இதற்குக் காரணம் வைத்தியரின் கைத்திறன் குறைவு என்றே பலரும் நினைப்பார்கள். 2003இல் வெளியான ஓர் ஆய்வு 252 காயங்களை ஆராய்ந்தது. அவற்றில் 97 வீதமானவற்றுக்கு அடிப்படைக் காரணம் பார்வை மயக்கம். பித்தப்பையின் சிறு குழாய் என்று உறுதியாக நம்பி, பிரதான பித்தக்குழாயையே வைத்தியர் வெட்டிவிடுகிறார். தான் தவறிவிட்டோம் என்பது அந்த வேளையில் பெரும்பாலும் அவருக்கே தெரிவதில்லை.

தடுக்கும் வழியும் தெரிந்ததே. பித்தப்பைக்குள் நுழைவது இரண்டே இரண்டு அமைப்புகள்தான் என்பதைத் தெளிவாகக் கண்டுகொள்ளும் வரை எதையும் வெட்டக்கூடாது என்ற விதி 1995 முதல் வலியுறுத்தப்படுகின்றது. அழற்சியினால் அந்தக் காட்சி கிடைக்காவிட்டால், பித்தப்பையின் ஒரு பகுதியை விட்டுவிட்டு நிறுத்தலாம், வயிற்றைத் திறந்து தொடரலாம், அல்லது மூத்த வைத்தியர் ஒருவரை அழைக்கலாம். அது தோல்வி அல்ல.

காயம் ஏற்பட்டுவிட்டால் நோயாளியின் எதிர்காலத்தைத் தீர்மானிப்பவை இரண்டு. எவ்வளவு விரைவில் கண்டறியப்படுகின்றது என்பது ஒன்று. யார் சீர்செய்கிறார் என்பது மற்றையது. பித்தப்பை அகற்றப்பட்டவர் நாளுக்கு நாள் தேற வேண்டும். இரண்டு நாட்களின் பின்னரும் வயிற்றுவலி கூடினால், வயிறு ஊதினால், காய்ச்சல் வந்தால், கண் மஞ்சளானால், சிறுநீர் கடுமஞ்சளாகி மலம் வெளிறினால், அதை 'வாய்வு' என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பக்கூடாது. ஸ்கான் பரிசோதனை செய்யப்பட வேண்டும். சிறு கசிவு என்றால் வாய்வழியாகக் குழாய்க் கமராவைச் செலுத்தி ஸ்ரென்ற் வைப்பதன் மூலமே பெரும்பாலும் குணப்படுத்தலாம். குழாய் முற்றாக வெட்டுப்பட்டிருந்தால், தேங்கிய பித்தநீரை வெளியேற்றி, தொற்றைக் கட்டுப்படுத்தி, காயத்தின் வரைபடத்தைப் பெற்ற பின்னரே, ஈரலில் இருந்து வரும் குழாயைச் சிறுகுடலுடன் இணைக்க வேண்டும்.

இந்த இணைப்பை யார் செய்வது? 1995இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், காயத்தை ஏற்படுத்திய வைத்தியரே செய்த சீரமைப்புகளில் 17 வீதமே வெற்றியளித்தன. இதற்கெனப் பயிற்சிபெற்ற நிபுணர்கள் செய்தபோது 94 வீதம் வெற்றியளித்தது. ஈடனின் பொஸ்டன் பயணத்தின் பாடமும் இதுவே.

வெளிவிவகார அமைச்சருக்குப் பொஸ்டன் கிடைத்தது. கிளிநொச்சியிலோ மன்னாரிலோ மட்டக்களப்பிலோ உள்ள ஒருவருக்கு என்ன கிடைக்கும்? எமது இலவச சுகாதார சேவையில் நோயாளியை இடமாற்றும் வழி இருக்கின்றது. ஆனால் 2022 பொருளாதார நெருக்கடியின் பின்னர் விசேட வைத்திய நிபுணர்கள் பலர் நாட்டைவிட்டு வெளியேறியுள்ள நிலையில், யாழ்ப்பாணத்தில் இருந்து கொழும்புக்குச் சுமார் 400 கிலோமீற்றர் என்ற தூரம் மேலும் நீள்கின்றது. இத்தகைய நோயாளியை எந்த வைத்தியசாலை ஏற்கும், எத்தனை மணித்தியாலத்துக்குள் யார் யாருடன் பேச வேண்டும் என்பது முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டிருக்க வேண்டும். தனியார் வைத்தியசாலைகளுக்கும் அது கட்டாயமாக வேண்டும்.

அதைவிடக் கடினமானது, தவறை உடனே ஒப்புக்கொள்ளும் சூழலை உருவாக்குவது. வைத்தியசாலைகள் குறித்த எமது விவாதங்கள் பெரும்பாலும் 'யார் குற்றவாளி' என்ற கேள்வியுடனேயே நின்றுவிடுகின்றன. உண்மையை அறியும் உரிமையும் இழப்பீடு கோரும் உரிமையும் நோயாளிக்கு உண்டு. அலட்சியம் விசாரிக்கப்படவும் வேண்டும். ஆனால் பயத்தினால் ஒரு வைத்தியர் மூன்று நாள் மௌனமாக இருந்தால், அதன் விலையைக் கொடுப்பது நோயாளியின் ஈரல்தான்.

இதற்கு வழிகாட்டி வெளியில் இல்லை. இலங்கையில் ஒவ்வொரு தாய் மரணமும் பதிவு செய்யப்பட்டு, தனிநபரைத் தண்டிக்கும் நோக்கின்றி, எங்கே தவறியது என்று மீளாய்வு செய்யப்படுகின்றது. தாய் மரணங்களைக் குறைத்ததில் அந்த நடைமுறைக்கும் பங்குண்டு. பித்தக்குழாய்க் காயங்களையும் அவ்வாறே பதிவு செய்து மீளாய்வு செய்வதற்குப் பெரும் நிதி தேவையில்லை. சுகாதார அமைச்சும் சத்திரசிகிச்சை நிபுணர்களும் ஒன்றாக அமர்ந்தால் போதும்.

ஈடனுக்கு நேர்ந்தது எவருக்கும் நேரலாம். அதன் பின்னர் சரியான வைத்தியரிடம் போய்ச் சேர்வது மட்டும் பதவியையும் பணத்தையும் பொறுத்ததாக இருக்கக்கூடாது.